பதினாலரை

அன்றைக்கு அந்த ஹாலில் ஏழு பேர் இருந்தோம். ஆட்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாரும் வந்து, 'நான் அங்கே இல்லவே இல்லை' என்று சொல்லக்கூடாது. வீட்டுச் சொந்தக்காரர், ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அவர் 'சார்'. அவருடைய மனைவி. இரண்டு பக்கமும் கமிஷன் பேசியிருந்த புரோக்கர். ஷேர் ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர். நான். விலைக்கு வந்திருந்த வீட்டில் மூன்றாவது பகுதியில் குடியிருந்த பெண், ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலை பார்ப்பவர். ஏழாவது ஆள் அக்கா.

அக்காவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆரப்பாளையத்தில் பாதிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது. சுண்ணாம்பக்கா என்றால் தெரியும். சுண்ணாம்பு போய் பிரைமர், எமல்ஷன், ரோலர் என்று வந்த பிறகும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. கீழக்குயில்குடியிலிருந்து காலை ஏழு மணி டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் மூடி போட்ட வாளி. அந்த வாளிக்குள்தான் பிரஷ், உப்புத்தாள், சாப்பாட்டுத் தூக்கு எல்லாம். பஸ்ஸில் அதன்மேல் உட்கார்ந்துதான் வருவார்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அப்பா சாரத்திலிருந்து விழுந்து படுத்த வருடம், வீட்டில் சம்பாதிக்க ஒரு கை குறைந்தது என்று என்னை நிறுத்தினார்கள். அதனாலோ என்னவோ, எண் எழுதிய தாள் எதைப் பார்த்தாலும் இரண்டு பேரிடமாவது காட்டிக் கேட்பேன். இப்போது இட்லி மாவு அரைத்து விற்கும் கடை வைத்திருக்கிறேன். கேஸை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் தொட்டுப் பார்ப்பேன். ஐநூறு ரூபாய் நோட்டு வந்தால் மூன்று தடவை வெளிச்சத்தில் பிடிப்பேன். என் வீட்டுக்காரர் என்னைச் செக்கிங் இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவார்.

அந்த மாவுக் கடைக்குப் பெயிண்ட் அடிக்கத்தான் அக்கா முதலில் வந்தார். சுவரைச் சுற்றிப் பார்த்தார், விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டினார்.

"ரெண்டாயிரத்தி நூறு."

"ரெண்டாயிரமா வச்சுக்கங்கக்கா."

எடுத்த பிரஷ்ஷை வாளிக்குள் போட்டு மூடினார். "அந்த நூறு ரூவாயக் கொறைக்க ஏதாச்சும் காரணம் இருந்தாச் சொல்லு, கேட்டுக்கிறேன். சும்மா கேட்டுப் பாக்குறதுன்னா நா வாரேன்."

என்னிடம் காரணம் இல்லை. வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன், அவ்வளவுதான். இரண்டாயிரத்து நூறு கொடுத்தேன்.

இதுதான் அவர். ஒரு தொகை சொல்வார். மேலேயும் போகமாட்டார், கீழேயும் வரமாட்டார். எங்கள் தெருவில் ஒருவர் இரண்டு அறைக்கு வேலை பேசினார். அக்கா நாலாயிரத்து இருநூறு என்றார். வேறொரு பெயிண்டர் ஆறாயிரம் கேட்டிருந்ததால் மனிதர் குளிர்ந்துபோய், வேலை முடிந்ததும் நாலாயிரத்து ஐநூறை நீட்டினார். அக்கா எண்ணிப் பார்த்து முந்நூறை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு இறங்கினார். அவர் பின்னாலேயே ஓடி, "சந்தோசமாத்தாம்மா தாரேன்" என்றார். "சந்தோசத்த நீங்க வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். மனிதர் ஒரு வாரம் அந்த முந்நூறைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார், யாரோ திட்டிவிட்டுப் போனதைப்போல.

கீரைக்காரியிடமும் அப்படித்தான். கேட்ட விலையைக் கொடுப்பார், இல்லாவிட்டால் நகர்ந்துவிடுவார். ஏன் என்று கேட்டேன். "பேரம்னா மொதல்ல ரெண்டு பேரும் பொய் சொல்லணும். அப்புறம் ரெண்டு பேரும் வெக்கமில்லாம அதக் கொஞ்சங் கொஞ்சமாக் கொறைக்கணும். எனக்கு அம்புட்டு நேரமில்ல புள்ள."

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் மகள் கல்யாணப் பேச்சில் நடந்ததையும் சொல்ல வேண்டும். திருமங்கலம் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் பதினைந்து பவுன் கேட்டார்கள். அக்கா பதினொன்று என்றார். அவர்கள் இறங்கி இறங்கிப் பன்னிரண்டில் வந்து நின்றார்கள். வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் அக்கா முகத்தையே பார்த்தார்கள். "பதினொண்ணு" என்றார். மாப்பிள்ளை வீட்டார் பூ, பழத் தட்டை எடுத்துக்கொண்டு வேன் ஏறிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. பிறகு வேறு இடத்தில் கல்யாணமாகி நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் என்னிடம் ஒருநாள் சொன்னாள்: "ஒரு பவுனுக்கா. ஒரே ஒரு பவுனுக்கு." அக்கா செய்தது சரி என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரியே யாரோ ஒரு பவுன் கடன் தருவதாகச் சொல்லியும் அக்கா வாங்கவில்லையாம்.

இப்படிப்பட்டவரைத்தான் நாங்கள் வீட்டு விலை சொல்லக் கூப்பிட்டோம்.

திருவாதவூரில் என் வீட்டுக்காரருக்கு வந்த பங்கு நிலத்தை விற்றதில் ஒன்பது லட்சம் கையில் இருந்தது. என் நகை, சீட்டுப் பணம் எல்லாம் சேர்த்தால் இன்னும் மூன்று. இந்தப் பன்னிரண்டு லட்சத்தைத் தவிர எங்களுக்கு இந்த ஊரில் எதுவும் கிடையாது. மாவரைத்து என் தோள்பட்டை போய்விட்டது, ஆட்டோ ஓட்டி அவர் முதுகு போய்விட்டது. பழைய வீடு ஒன்றை வாங்கிச் சரிபண்ணி வாடகைக்கு விட்டால் உட்கார்ந்து கஞ்சி குடிக்கலாம் என்று நினைத்தோம். தப்பாக வாங்கிவிட்டால் இன்னொரு தடவை சேர்க்க வயது இல்லை. 

செல்லூர்ப் பக்கம் ஒரு சந்து. இரண்டு சக்கர வண்டி மட்டும்தான் போகும். வரிசையாக மூன்று பகுதி, கடைசியில் பொதுக் கக்கூஸ், முன்னால் ஒரு குழாய். சார் கேட்ட விலை இருபத்தைந்து லட்சம். "இருபத்திரெண்டுக்கு முடிச்சுத் தாரேன் மாப்ள, மூணு வாடக, தலைக்கு ஆறாயிரம் வரும்" என்றார் புரோக்கர்.

அக்கா உடனே வீட்டுக்குள் போகவில்லை. முதலில் சந்தில் நின்றார். வெளிச்சுவரில் இடுப்பு உயரம் வரைக்கும் புதுப் பெயிண்ட்.

"இடுப்புவரைக்கும் ஏன் அடிச்சிருக்கான் தெரியுமா? அம்புட்டு ஒசரத்துக்கு ஓதம் ஏறியிருக்கு. நாலு மாசத்துல உரிஞ்சு வந்துரும்."

உள்ளே போய் முட்டியால் தட்டினார். சில இடத்தில் கல் சத்தம், சில இடத்தில் காலிப் பானைச் சத்தம். கூரையில் அங்கங்கே புது சிமெண்ட் அப்பியிருந்ததைக் காட்டினார். கம்பி துருப்பிடித்துக் காரை விழுந்த இடங்கள் அவை. கக்கூஸில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது இறங்கும் வரை வாயிலேயே எண்ணிக்கொண்டு நின்றார். புரோக்கருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னக்கா, ஏலமா?" என்றார். அக்கா அறுபத்து மூன்று வரை எண்ணிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.

"ஒமக்கு என்னய்யா, கமிஷன் வாங்கிட்டுப் போயிருவீரு. இதுல காலையில வரிசையில நிக்கிறது மூணு குடும்பம்."

வாடகை எவ்வளவு என்று புரோக்கரிடம் அவர் கேட்கவில்லை. முதல் வீட்டில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார். நாலாயிரத்து ஐநூறு என்றாள். இரண்டாவது வீட்டிலும் அதேதான். மூன்றாவது வீடு பூட்டியிருந்தது. அங்கே குடியிருக்கும் பெண் ஹாஸ்டலிலிருந்து மதியம் மூன்று மணிக்குத்தான் வருமாம்.

"என்ன தொகைக்கா?" என்று நான் அவசரப்பட்டேன்.

"மூணாவது வீட்டப் பாக்காமச் சொல்லமாட்டேன். இன்னைக்கு மூணு மணிக்கு எனக்கு வேற வேல கெடக்கு. நாளைக்கு வாரேன், நாளைக்குச் சொல்றேன்."

ஒரே ஒரு நாள். என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் புரோக்கர் மாவுக் கடைக்கு வந்து, சிவகாசியிலிருந்து ஒரு பார்ட்டி காலையில் ரொக்கத்தோடு வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, மாவு வாங்கிக்கொண்டு போனார். வீட்டுக்காரர் கூட, "ஒரு நாள்தான, அந்தக்கா வரட்டும்" என்றார். நான்தான் கேட்கவில்லை. ஆட்டோவை எடுக்கச் சொல்லி, சார் வீட்டுக்குப் போய், இருபத்திரண்டு லட்சத்துக்குப் பேசி, குறைகிற பத்து லட்சத்தைக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து, ஐம்பதாயிரம் டோக்கன் கொடுத்தது நான். புதுக் கிரைண்டர் வாங்க வைத்திருந்த பணம். துண்டுச்சீட்டுக்கூட வாங்கவில்லை. நோட்டை மூன்று தடவை பார்க்கிறவள், அவர் கையில் கொடுத்துவிட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் அக்காவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை.

"எம்புட்டுக்கு?"

"இருபத்திரெண்டு."

"யாரு சொன்ன தொக அது?"

சிவகாசிப் பார்ட்டியைப் பற்றிச் சொன்னேன்.

"பயம் சொன்ன தொக" என்றார். "சரி வா. மூணாவது வீட்டப் பாத்துட்டு வந்துருவோம்."

அந்தப் பெண் கதவைத் திறந்ததும் அக்கா அடுப்படிக்குத்தான் போனார். கிரானைட் கல். ஸ்டீல் சிங்க். சுவரில் நெஞ்சு உயரத்துக்கு டைல்ஸ். தனியாக ஒரு மீட்டர் பெட்டி. எனக்கு அதையெல்லாம் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. இந்த ஒரு வீடாவது நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். அக்கா சிங்க்கைத் தடவிப் பார்த்தார்.

"சிங்க்கு யாரு வச்சது?"

"நாந்தாங்கா."

"ஒத்தியா?"

அந்தப் பெண் தலையாட்டினாள். "மூணு லட்சம்க்கா. ஆறு வருசமாச்சு. வாங்குறவுக தந்துருவாகன்னு சாரு சொன்னாரே, ஒங்ககிட்டச் சொல்லலியா?"

 மதுரையில் ஒத்தி என்றால் எல்லோருக்கும் தெரியும். மூன்று லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. காலி பண்ணும்போது அந்தப் பணம் முழுசாகத் திரும்பி வர வேண்டும். வீட்டை யார் வாங்குகிறார்களோ அவர்கள் தலையில்தான் அது விழும். அதாவது மூன்றாவது வீட்டிலிருந்து எனக்கு ஒரு பைசா வராது, போகும்போது மூன்று லட்சம் நான் எடுத்து வைக்க வேண்டும்.

"எப்புடிக்கா கண்டுபிடிச்சீக?"

"வாடகைக்கு இருக்குறவ சொந்தக் காசுல சிங்க்கு வைப்பாளா? நாளைக்கே காலி பண்ணுன்னு சொன்னா பேத்துக்கிட்டா போவா?"

குழாயடிக் கல்லில் உட்கார்ந்து அக்கா கணக்குச் சொன்னார். மூன்று வீடும் வாடகைக்குப் போனால் மாதம் பதின்மூன்றாயிரத்து ஐநூறு. வருடத்தில் ஒரு மாதம் சும்மா கிடக்கும் என்று வைத்துப் பதினோரு மாதம். அப்படிப் பதினான்கு வருட வாடகை இருபதே முக்கால் லட்சம். கூரை, கக்கூஸ் தொட்டி, ஒயரிங் மூன்றுக்கும் மூணே கால் போக, பதினேழரை. அதில் ஒத்தி மூன்று போக, பதினாலரை.

"அது ஏங்க்கா பதினாலு வருசம்?"

"பதினாலு வருசத்துக்கு மேல கைய வைக்காம நின்ன செவர நா பாத்ததில்ல. அதுக்குள்ள போட்ட காசு வந்துரணும். அதுக்கப்புறம் புதுசாச் செலவழிக்கணும்ல."

இப்போது அந்த ஹால். டோக்கன் விஷயம் பேச எல்லோரும் சார் வீட்டுக்குப் போயிருந்தோம். ஏழு பேருக்கு ஐந்து இருக்கை. அக்காவும் ஒத்திக்காரப் பெண்ணும் நின்றார்கள். அக்கா சாப்பாட்டு மேஜைப் பக்கத்திலிருந்து இரண்டு ஸ்டூலை இழுத்து வந்து, ஒன்றில் அவளை உட்காரவைத்து, ஒன்றில் தான் உட்கார்ந்தார். சார் முகம் சுளித்ததை நான் பார்த்தேன். சார் வீட்டு அம்மா காபி கொண்டுவந்தார். ஐந்து எவர்சில்வர் டம்ளர், இரண்டு பேப்பர் கப்.

அக்கா கப்பைத் தொடவில்லை. "எல்லாருக்கும் குடுக்குற மாதிரி குடுங்கம்மா. டம்ளர் பத்தலைன்னா காத்திருக்கேன், அவுக குடிச்சதும் கழுவிக் குடுங்க."

அம்மா உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. ஒத்திக்காரப் பெண் தன் கப்பை அவசரமாகக் குடித்து முடித்துவிட்டாள். அக்காவின் காபி கடைசி வரை டீப்பாயின் மேலேயே ஆடை கட்டிக் கிடந்தது.

"டோக்கன் குடுத்துட்டுப் பின்வாங்குனா டோக்கன் போச்சு. இதான் வழக்கம். புரோக்கரக் கேளும்மா" என்றார் சார்.

"ஒத்திய மறைச்சு வித்தா அதுக்கு என்ன வழக்கம் சார்? அதையும் சொல்லிருங்க."

"மறைக்கிறதாவது! கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

"கேக்காததுக்கு ஃபீஸு அம்பதாயிரமா?"

புரோக்கர் சிரித்துவிட்டு இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார்.

"ரெண்டு வழிதான் சார். வீடு பதினாலரை. இந்தம்மாவோட மூணு லட்சம் இவுக பொறுப்பு, டோக்கனக் கழிச்சுக்கலாம். அது வேணாம்னா அம்பதாயிரத்தத் திருப்பிக் குடுத்துருங்க."

"பதினாலரையா? மண்ணு வெலைகூட வராதேம்மா."

"அப்ப அம்பதாயிரம்."

சார் புரோக்கரைப் பார்த்தார். பாவம் பார்த்து இருபதாயிரம் தருகிறேன் என்றார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்; மூன்று வருடத்துக்கு முன்னால் அவரே அடித்த சுவர். முப்பது என்றார் சார். பிறகு உள்ளே போய் நாற்பதாயிரத்தைக் கொண்டுவந்து டீப்பாயில் வைத்தார். "இதுக்கு மேல பத்துப் பைசா கெடையாது."

"சார், நா ஒரு தொக சொன்னேன். நீங்க மூணு சொல்லிட்டீக. இதுல எது நெசம்?"

என் வீட்டுக்காரரின் கை நோட்டுப் பக்கம் போய்விட்டது. அக்கா தடுக்கவில்லை.

"எடுத்துக்க தம்பி, ஒங்க காசு. எடுத்தா அவரு சொன்னதுதான் நியாயம்னு ஆயிரும். அம்புட்டுத்தான். நா ஒண்ணும் நெனைக்கமாட்டேன்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நாற்பதாயிரம் கண்முன்னால் இருக்கிறது.  என்ன வந்தது எனக்கு என்று இன்றைக்கும் தெரியவில்லை. "வேணாம், எந்திரிங்க" என்றேன்.

சார் வீட்டுத் தெருமுனையில் வாந்தி எடுத்தேன்.

அந்தத் துணிச்சல் வீடு வந்து சேரும்வரைக்கும்கூட நிற்கவில்லை. மறுவாரம் அக்கா ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்கே போய்ச் சண்டை போட்டேன். "நாப்பதாவது கெடச்சிருக்கும்ல? ஒங்க வறட்டுப் பிடிவாதத்துக்கு என் கிரைண்டர் போச்சு."

ஏணி மேலே இருந்தபடியே, "ஆமா, கெடச்சிருக்கும்" என்றார். அவ்வளவுதான். ஒரு சமாதானம், ஒரு ஆறுதல் கிடையாது. நான் கீழே நின்று அழுதேன். அவர் ரோலரை உருட்டிக்கொண்டிருந்தார். எட்டு மாதம் நான் அவரிடம் பேசவில்லை. கடை வழியாகப் போவார், நான் மாவுப் பாத்திரத்துக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

அந்த எட்டு மாதமும் சார் வீட்டை விற்க அலைந்தார். சிவகாசிப் பார்ட்டி என்று ஒன்று வரவே இல்லை. வந்தவர்கள் எல்லாம் அக்கம்பக்கம் விசாரித்தார்கள். சுண்ணாம்பக்காவைக் கேளுங்கள் என்று யாராவது சொன்னார்கள். அக்கா எல்லோருக்கும் ஒரே தொகை சொன்னார். பதினாலரை, ஒத்தி மூணு தனி. இருபது, பதினெட்டு, பதினேழு என்று சார் இறங்கிக்கொண்டே வந்தார். ஒருநாள் அக்கா வேலை செய்யும் இடத்துக்கே வந்து, "என் வீட்டுக்கு வெல சொல்ல நீ யாரு?" என்று கத்தினாராம்.

"கேட்டாக, சொன்னேன். நீங்களுஞ் சொல்லுங்க சார், நா வேணாங்கல" என்றாராம் அக்கா.

ஐப்பசி மழையில் இரண்டாவது வீட்டுக் கூரைக் காரை பாளமாக விழுந்தது. நல்லவேளை, யாரும் கீழே இல்லை. அந்தக் குடும்பம் காலி பண்ணிவிட்டது. அதே மழையில்தான் அக்காவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. வருடக்கணக்கில் உப்புத்தாள் தேய்த்த தூசி என்றார்கள். நான் போய்ப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. அவர் மகள் சுவரோரம் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல், அம்மாவின் விரல் நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் கால்மாட்டில் நின்றேன். மன்னிப்புக் கேட்கலாமா, அதற்கு இப்போது என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் புரோக்கர் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, நல்ல சேதி. சாரு பதினஞ்சுக்கு எறங்கிட்டாரு. ஒத்தி உங்க பொறுப்பு, டோக்கனையும் கழிச்சுக்கலாம்ங்குறாரு. இப்பத்தான் அந்தக்காவும் இல்லையே, வீம்பு புடிக்க."

கடைசியாகச் சொன்னதை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். பதினைந்து நல்ல விலைதான்.

"பதினாலரை" என்றேன்.

"அரை லட்சத்துக்கா தங்கச்சி? அம்பதாயிரத்துக்கா?"

"ஆமாண்ணே. அதே அம்பதாயிரந்தான்."

"எனக்காக ஒரு பதினாலே முக்காலு..."

"மாவு வேணுமாண்ணே? எத்தன கிலோ?"

அவர் போன பிறகு கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினோரு நாள் நான் தூங்கவில்லை. ஒவ்வொரு நாளும் போனை எடுத்து, பதினைந்துக்கே சரி என்று சொல்ல நம்பரைப் போட்டு வைத்துவிடுவேன். வீட்டுக்காரர் என்னைச் செக்கிங் இன்ஸ்பெக்டர் என்றுகூடக் கூப்பிடவில்லை. பன்னிரண்டாம் நாள் சாரே போன் பண்ணினார். பதினாலரை. டோக்கன் கழித்துப் பதினாலு. இருந்த பன்னிரண்டோடு இரண்டு லட்சம் கடன் வாங்கினோம்.

ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ரொம்ப அன்பாகப் பேசினார்.

"இங்க பாரும்மா, அந்த ஒத்திப் பத்திரம் என் அண்ணன் பேர்ல எழுதுனது. அவரு போய்ச் சேந்துட்டாரு. பதிவும் பண்ணல. கோர்ட்டுல நிக்காது. ஒரு லட்சத்தக் கையில குடுத்துக் காலி பண்ணச் சொல்லு. மிச்சம் ரெண்டு ஒனக்கு லாபம். எனக்கு அதுல ஒரு அம்பது குடுத்தாப் போதும்."

எனக்கு இரண்டு லட்சம் கடன் அன்று காலைதான் ஏறியிருந்தது. இவருக்கு ஐம்பது போனாலும் அதில் ஒன்றரை லட்சத்தை ஈடுகட்டிவிடலாம். என் மூளை அந்தக் கணக்கைப் போட்டது, பொய் சொல்லமாட்டேன்.

"மூணுன்னா மூணுதான் சார்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "உள்ள கூப்புடுறாக, கையெழுத்துப் போட வாங்க."

பத்திர எழுத்தரிடம் அன்றைக்கே இன்னொரு முத்திரைத்தாள் வாங்கி, ஒத்தித் தொகை மூன்று லட்சத்துக்கு நானே பொறுப்பு என்று என் பெயரில் எழுதச் சொல்லி, அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். எட்டாம் வகுப்புக் கையெழுத்து, கோணலாகத்தான் இருக்கும். அவள் அதை வாங்கிப் படிக்காமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். படித்துப் பார் என்று திட்டினேன்.

கூரையைச் சரிபண்ணினோம். மூணே கால் என்று அக்கா சொன்னது மூன்றே முக்காலில் முடிந்தது, அதற்கும் கடன். அக்கா கணக்கும் தப்பும் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. இரண்டு வீட்டு வாடகை வருகிறது, வட்டிக்குப் போகிறது. மழை இறங்கினால் நான் இப்போதும் போய்க் கூரையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஆனி மாதம் ஒத்திக்காரப் பெண்ணின் மகளுக்கு நர்சிங் சேர்க்க நாற்பதாயிரம் வேண்டியிருந்தது. கொடுத்தேன். ஒத்தியில் கழிப்பதாக முத்திரைத்தாளின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். போன வாரம் மறுபடியும் வந்தாள். கடை வாசலில் நின்று சேலை நுனியைத் திருகினாள். ஊர்ப்பக்கம் ஒரு இடம் விலைக்கு வருகிறதாம். என் கையில் பணம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"அக்கா, மொத்தமா முடிச்சு விட்டுருங்க. ரெண்டு குடுத்தாக்கூடப் போதும். இல்ல, ஒண்ணு எம்பது. இப்பவே கெடைக்கும்னா நா ஒண்ணே முக்காலுக்குக்கூட..."

"வாய மூடு" என்றேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "ஒங்காச நீயே கொறச்சுக்கிட்டே போவியா? எவ கேட்டா ஒன்ன? தையில சீட்டு எடுக்குறேன், அதுல ஒரு பாதி தாரேன். மிச்சம் அடுத்த தை. ஒரு பைசா கொறச்சு வாங்குனேன்னு வையி, இந்த வாசப்படி ஏறாத."

அவள் பயந்துபோய்த் தலையாட்டினாள். நான் தர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்தேன். முதல் தடவை சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ரெண்டு லட்சத்தி அறுவதாயிரம்."